கேட்டால் சிசேரியன் செய்து தருவினமா? திருமலையில (திருகோணமலை) ஒரு தலைப்பிள்ளைக்காரியின்ட கேள்வி

பாலையூற்றுப் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இது தலைப்பிள்ளை, ஏழாம் மாசம் நடக்குது. பிரஷர் இல்ல, சீனி இல்ல, பிள்ளையின்ட வளர்ச்சியும் சரியாத்தான் இருக்கு. ஆனா நோர்மல் டெலிவரிக்குப் போக எனக்கு மனம் இல்ல. சிசேரியன்தான் வேணும் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கன்.

காரணத்தைச் சொல்லுறன். அக்காவுக்கு முதல் பிள்ளை கிடைக்கேக்க கூட நிண்டது நான்தான். வேற மாவட்டத்தில ஒரு ஆஸ்பத்திரி. நான் வெளியில வாங்கில இருக்கிறன், உள்ளுக்க அவவின்ட சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கு. விடியப்புறம் தொடங்கின பிரசவக் குத்து, அடுத்த நாள் மத்தியானம்தான் வக்கியூம் (தலையில கிண்ணம் வச்சு உறிஞ்சி இழுக்கிறது) பிடிச்சுப் பிள்ளையை எடுத்தவை. கிழிசல் பின்பக்கம் வரைக்கும் போய், தியேட்டருக்குக் கொண்டுபோய்த் தைச்சவை. பிள்ளை இப்ப பள்ளிக்கூடம் போகுது, நல்லா இருக்கு. அக்கா இண்டைக்கும் தூரப் பயணம் எண்டா பஸ் ஏற மாட்டா. கோயில் திருவிழாவுக்கு வெளிக்கிட்டாலும் போற இடத்தில டொய்லெட் எங்க இருக்கு எண்டுதான் முதல் கேப்பா. இதை அவ ஒரு டொக்டருக்கும் சொல்லேல்ல. வெக்கம்.

கிளினிக்கில நான் கேட்டுப் பாத்தன். "சிசேரியன் செய்யலாமா டொக்டர்" எண்டு வாய் திறக்கவே, "ஒரு வருத்தமும் இல்லாத உனக்கு என்னத்துக்கு வெட்டு? எல்லாரும் பெறுகினம்தானே" எண்டு பதில் வந்திட்டுது. பிறகு தனியார் இடம் ஒண்டில காசு கட்டிச் சனல் பண்ணி டொக்டரைக் கேட்டன். அங்க "செய்யலாம், நாள் பாத்துக்கொண்டு வாங்கோ" எண்டு உடனயே சொல்லிட்டினம். ஒரு இடத்தில கதவைப் பூட்டிப்போட்டினம், மற்ற இடத்தில திறந்து விட்டிட்டினம். ஏன் கேக்கிறாய் பிள்ளை எண்டு ரெண்டு இடத்திலயும் ஒருத்தரும் கேக்கேல்ல. அதுதான் எனக்கு நெஞ்சுக்க நிக்குது.

தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. இப்பிடிக் கேக்கிறது பிழையா? கேட்டா ஆஸ்பத்திரியில என்ன நடக்கும்?

கிண்ணியா ராத்தா:

தங்கச்சி, எனக்கு மூணும் சிசேரியன். முதலாவது அவசரத்துக்கு வெட்டினது, புள்ளட நெஞ்சுத் துடிப்பு இறங்கிட்டு. ரெண்டாவது நாள் குறிச்சி வெட்டினது. அல்ஹம்துலில்லாஹ், அது லேசா இருந்திச்சி. காலையில நானே நடந்து போய் தியேட்டர் கட்டில்ல ஏறினன், முதுகுல ஊசி போட்டாங்க, புள்ள அழுற சத்தத்த முழிச்சிக்கிட்டே கேட்டன். அப்ப நானும் உங்கள மாதிரித்தான் நினைச்சன், இதுதான் நல்ல வழி எண்டு.

மூணாவதுலதான் விளங்கிச்சி. உள்ளுக்குள்ள எல்லாம் ஒட்டிப் போயிருந்திச்சாம். மூத்திரப் பைய கர்ப்பப்பையில இருந்து பிரிச்சி எடுக்கவே நிறைய நேரம் போயிட்டு எண்டு பிறகு டொக்டர் சொன்னாங்க. இதோட நிப்பாட்டிருங்க எண்டும் சொன்னாங்க. என்ட மாமி ஏழு பெத்தவங்க. எனக்கும் அஞ்சு வேணும் எண்டு ஆசை இருந்திச்சி.

நீங்க எத்தின புள்ள வேணும் எண்டு நினைக்கிறீங்க? முதல்ல அத வீட்டுக்காரரோட இருந்து பேசுங்க.

கோயிலடி அப்பையா:

பிள்ளை, நான் வயசு போன ஆள், இதில கருத்துச் சொல்லலாமோ தெரியேல்ல. என்ட பேத்திக்கு ஒப்பரேஷன் எண்டு முடிவானதும் சாத்திரியாரிட்ட போய்க் கண்டாந்தம் எண்ட கூடாத நேரத்தை விலக்கி, நல்ல லக்கினம் பாத்துத்தான் எடுத்தது. வெட்டத்தான் போறியள் எண்டா அந்த ஒரு நன்மையையாவது விடாதேங்கோ. நாள் கொஞ்சம் முந்தினாலும் பரவாயில்லை. முப்பத்தேழு வாரம் முடிஞ்சா பிள்ளை முத்தின பிள்ளைதானே.

தியேட்டர் மிஸ்ஸி:

அப்பையா, உங்களுக்கு மரியாதையோடதான் சொல்லுறன், அந்தக் கடைசி வசனத்தை ஒருத்தரும் கைக்கொள்ள வேண்டாம். நான் தியேட்டரில நேர்ஸா இருந்து ஓய்வு பெற்றவள். முப்பத்தேழில நட்சத்திரம் பாத்து எடுத்த பிள்ளையள் மூச்சு வாங்கிக்கொண்டு, மூக்குச் செட்டை அடிச்சு, விலாக் கூடு உள்ளுக்க இழுத்துக்கொண்டு கிடக்கிறதை என்ட கண்ணால கண்டிருக்கிறன். தாய் வார்ட்டில, பிள்ளை பீபீயூ எண்ட குறைமாதப் பிள்ளையளின்ட பிரிவில, கண்ணாடிப் பெட்டிக்குள்ள. பால் குடுக்கேலாம தாய் அழுறதைப் பாத்த ஆக்கள் லக்கினத்தைப் பற்றிக் கதைக்க மாட்டினம். நாள் பாக்கிறவை பாருங்கோ, அது உங்கட நம்பிக்கை. ஆனா 39 வாரம் முடிஞ்ச பிறகு வாற நாளுக்குள்ள பாருங்கோ. அரச ஆஸ்பத்திரியில தியேட்டர் லிஸ்ட்தான் நேரத்தைத் தீர்மானிக்கும். இடையில ஒரு அவசரக் கேஸ் வந்தா உங்கட முகூர்த்தம் நிக்காது, நிக்கவும் கூடாது.

இனி பாலையூற்றுப் பிள்ளைக்கு. கேக்கிறது பிழையே இல்லை மகள். ஆனா சிசேரியன் எண்டா நோவில்லாத பிரசவம் எண்டு ஆரும் சொல்லியிருந்தா அதை மறந்திடுங்கோ. நோ பிறகு வரும், அவ்வளவுதான். முதுகு ஊசியின்ட மரப்பு இறங்கினதும் வயிறு எரியத் தொடங்கும். அண்டைக்கே, பிந்தினா அடுத்த நாள், எழும்பி நடக்கச் சொல்லுவினம். காலில இரத்தம் கட்டாம இருக்கிறதுக்காக அது கட்டாயம். அந்த முதல் எழும்புதல்தான் கஷ்டம். நேர நிமிர்ந்து எழும்பப் பாக்காதேங்கோ. பக்கவாட்டில திரும்பி, முழங்கையை ஊண்டி, காலைக் கீழ தொங்கப் போட்டு, பிறகு எழும்போணும். இருமல், தும்மல் வந்தா ஒரு சின்னத் தலையணையை வெட்டின இடத்தில அமத்திப் பிடிக்கோணும். வீட்டில இருந்து கொண்டுபோற பையில அந்தத் தலையணையையும் வையுங்கோ, வார்ட்டில தேடித் திரிய ஏலாது.

சிசேரியன் எண்டா பால் வராது எண்டுறதும் பொய். ஒரு நாள் பிந்தலாம். பிள்ளையை எவ்வளவு கெதியா நெஞ்சில போடுறமோ அவ்வளவு நல்லது. தியேட்டரிலயே போடச் சொல்லிக் கேளுங்கோ.

அன்புவழிபுரம் தங்கை:

எனக்கு வேற ஒரு விஷயம் சொல்ல இருக்கு. கோவத்திலதான் எழுதுறன், மன்னியுங்கோ.

நான் கிளினிக்கில மட்டும் காட்டினவள். சனல் பண்ணக் காசில்ல. எனக்குப் பக்கத்துக் கட்டில்காரி அதே டொக்டரிட்ட வெளியில சனல் பண்ணிக் காட்டினவ. அவவுக்கும் ஒரு வருத்தமும் இல்ல. அவவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கதைச்சினம், பயப்படுறா எண்டு ஒப்பரேஷனுக்கு எழுதினவை. நான் பயமா இருக்கு எண்டு சொன்னதுக்கு "பெறுறதுக்குத்தானே வந்தனி" எண்டு ஒரு அற்றெண்டன் சொன்னா. எந்த ஆஸ்பத்திரி எண்டு எழுத மாட்டன். எனக்கு நோர்மலாத்தான் பிள்ளை கிடைச்சது, கிழிசலும் பெரிசா இல்ல. அதை நான் குறை சொல்லேல்ல. ஆனா பயம் எண்டது காசுள்ள ஆக்களுக்கு மட்டும் வாற வருத்தமா?

தம்பலகாமத்தான்:

தங்கச்சி சொன்னதில நியாயம் இருக்கு. ஆனா ஒரு அறையில அவ்வளவு பேரை வச்சுக்கொண்டு கிளினிக் நடத்துற டொக்டர் ஒவ்வொருத்தரோடயும் அரை மணித்தியாலம் கதைக்க ஏலுமா?

அன்புவழிபுரம் தங்கை:

அரை மணித்தியாலம் வேண்டாம் அண்ணா. "ஏன் பிள்ளை பயப்படுறாய்?" அதுக்கு எவ்வளவு நேரம் போகும்?

வார்ட் டொக்டர்:

மகப்பேற்று வார்ட் ஒன்றில் வேலை செய்யும் மருத்துவர் நான். எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை. மேலே எழுதிய எல்லோரையும் வாசித்தேன். மருத்துவம் என்ன சொல்கிறது என்பதை எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

முதலில் பாலையூற்றுப் பிள்ளை கேட்டது பற்றி. மருத்துவக் காரணம் இல்லாமல் தாய் கேட்பதற்காகச் செய்யும் சிசேரியனுக்கு உலகத்தில் வழிகாட்டல்கள் இருக்கின்றன. பிரித்தானியாவில் மருத்துவ வழிகாட்டல்களை எழுதும் நைஸ் (NICE) அமைப்பு 2011இலேயே இதை எழுதியது, 2021இல் புதுப்பித்தது. அதன் சாரம் இவ்வளவுதான்: கேட்கும் பெண்ணிடம் காரணத்தைக் கேள், இரண்டு வழியிலும் உள்ள நன்மை தீமைகளைச் சொல், பயம் காரணம் என்றால் மனநல உதவிக்கு வழி காட்டு. அதற்குப் பிறகும் அவள் சிசேரியன்தான் வேண்டும் என்றால் செய்து கொடு, உனக்குச் செய்ய மனமில்லை என்றால் செய்யக்கூடிய இன்னொரு நிபுணரிடம் அனுப்பு. அமெரிக்க மகப்பேற்று நிபுணர்களின் கல்லூரி 2019இல் சொன்னது கொஞ்சம் கடுமை. வேறு காரணம் இல்லாவிட்டால் சாதாரணப் பிரசவத்தையே முன்வைக்க வேண்டும், கேட்டுச் செய்வதானால் 39 வாரத்துக்கு முன் செய்யக்கூடாது, பல பிள்ளைகள் வேண்டும் என்று இருப்பவர்களுக்கு இது உகந்ததல்ல.

இவை எங்கள் நாட்டுச் சட்டம் அல்ல. நான் கண்ட அரச வார்ட்டுகளில் கேட்டவுடன் எழுதிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. வீஓஜி (மகப்பேற்று நிபுணர்) என்ன நினைக்கிறார், தியேட்டரில் அன்றைக்கு எத்தனை பேர், மயக்க மருந்து நிபுணர் இருக்கிறாரா என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவாகிறது. ஒரு தியேட்டரை வைத்துக்கொண்டு விருப்பத்துக்குச் செய்யும் ஒப்பரேஷனால் அவசரக் கேஸ் பிந்தினால் யார் பதில் சொல்வது என்ற பயம் எங்களுக்கு உண்டு. அது நியாயமான பயம். ஆனால் அந்தப் பயத்தைக் காரணம் காட்டிக் கேள்வியையே கேட்காமல் அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன்.

39 வாரம் என்பது ஏன்? 1995இல் வெளிவந்த ஒரு பிரித்தானிய ஆய்வில், குத்து தொடங்க முன் சிசேரியன் செய்த பிள்ளைகளில் மூச்சுப் பிரச்சினை வந்தவர்கள் 37ஆம் வாரத்தில் ஆயிரத்துக்கு 74 அளவு, 38ஆம் வாரத்தில் 42, 39ஆம் வாரத்தில் 18. 38இல் இருந்து 39க்கு ஒரு வாரம் பொறுத்தால் பாதிக்கும் கீழே இறங்குகிறது. அப்பையா இந்த எண்ணைச் சாத்திரியாருக்கும் காட்டலாம்.

அடுத்தது கிண்ணியா அக்கா சொன்னது. இந்த இழையில் உள்ள எல்லாவற்றிலும் பெரிய விஷயம் அதுதான். முதல் சிசேரியனில் ஆபத்து குறைவு. தழும்பு விழுந்த கர்ப்பப்பையில் அடுத்த பிள்ளையின் நஞ்சுக்கொடி எங்கே போய் ஒட்டுகிறது என்பதில்தான் வில்லங்கம். நஞ்சு கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாயை மறைத்து, பழைய தழும்பிலேயே வேர்விட்டால் அதைப் பிரித்தெடுக்க முடியாது. இரத்தம் கொட்டும். பல வேளைகளில் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரும். அமெரிக்காவில் 2006இல் வந்த பெரிய ஆய்வொன்றில், நஞ்சு கீழே இறங்கியிருந்த தாய்மாரில் இப்படி வேர்விட்டவர்கள் முதல் சிசேரியனில் நூற்றுக்கு 3, இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40, நாலாவதில் 61. ஒரு பிள்ளை, கூடினால் இரண்டு என்று இருப்பவருக்கு இந்தக் கணக்கு வேறு, ஐந்து வேண்டும் என்பவருக்கு வேறு.

மற்றப் பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாலையூற்றுப் பிள்ளையின் அக்காவுக்கு வந்ததுபோலப் பின்பக்கத் தசை வரை போகும் கிழிசல், பிரித்தானியக் கணக்கில் முதல் பிரசவத்தில் நூற்றுக்கு 6 பேருக்கு. வக்கியூம், ஆயுதம் (ஃபோர்செப்ஸ்) போட்டால் கூடும், ஆயுதத்தில் இன்னும் கூட. நாள் குறித்துச் செய்யும் சிசேரியனில் அது வராது. மூத்திரம் கசியும் தொல்லையும் குறைவு. நீண்ட நேரம் குத்துப் பட்டுக் கடைசியில் அவசரமாகச் செய்யும் சிசேரியனைவிட நாள் குறித்துச் செய்வது பாதுகாப்பு. இவை பொய்யான பயங்கள் அல்ல. "எல்லாரும் பெறுகினம்தானே" என்பது இவற்றுக்குப் பதிலும் அல்ல.

பாலையூற்றுப் பிள்ளை, ஒரு வேண்டுகோள். அக்காவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவருக்குச் செய்யக்கூடியது இருக்கிறது. இடுப்புத் தசைப் பயிற்சி, பிசியோதெரபி, தேவைப்பட்டால் தையலைத் திருத்துவது. வெட்கப்பட்டு வாழ வேண்டிய வருத்தம் இல்லை அது.

லண்டன் வாழ் திருமலையாள்:

டொக்டர் நைஸ் பற்றிச் சொன்னதால ஒண்டு சேர்க்கிறன். இங்க அந்த இடத்துக்கு லேசில வரேல்ல. ஸ்கொட்லாந்தில நடீன் மொன்ட்கோமரி எண்ட ஒரு தாய். சீனி வருத்தம் உள்ளவ, உடம்பும் சின்னன். பிள்ளை பெரிசா இருக்கு, என்னால பெற ஏலுமா எண்டு டொக்டரிட்டக் கேட்டவ. சீனி உள்ள தாய்மாரில பிள்ளையின்ட தோள் சிக்குற ஆபத்து நூற்றுக்கு 9, 10 அளவில இருக்கு எண்டதை அவவுக்குச் சொல்லேல்ல. சொன்னா எல்லாரும் சிசேரியன் கேப்பினம் எண்டது டொக்டரின்ட விளக்கம். 1999இல பிள்ளை பிறக்கேக்க தோள் சிக்கி, மூளைக்கு ஒக்சிசன் போகாமல் பாதிக்கப்பட்டுது. 2015இல பிரித்தானியாவின்ட உயர் நீதிமன்றம் (சுப்ரீம் கோர்ட்) தாயின்ட பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த இடத்தில நிக்கிற ஒரு பெண்ணுக்கு எது முக்கியமோ அதைச் சொல்லத்தான் வேணும் எண்டது தீர்ப்பு.

பிறகு 2022இல, மகப்பேற்று வார்ட்டுகளில நடந்த பிழையளை விசாரிச்ச ஒக்கன்டன் அறிக்கை வந்தது. இங்கிலாந்தின்ட ஷ்ரூஸ்பரிப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில சிசேரியன் வீதம் குறைவு எண்டு பெருமையாச் சொல்லிக்கொண்டு இருந்த காலத்தில, நேரத்துக்குச் செய்யாததாலயும் தாயும் பிள்ளையும் செத்திருக்கினம். அதே வருஷம் இங்கிலாந்தில ஆஸ்பத்திரிகளை மொத்தச் சிசேரியன் வீதத்தை வச்சு அளக்கிறதை நிப்பாட்டிச்சினம்.

நான் இதைச் சொல்லுறது எல்லாரும் வெட்டிக்கொள்ளுங்கோ எண்டுறதுக்கு இல்ல. எனக்கு ரெண்டும் நோர்மல்தான்.

தம்பலகாமத்தான்:

ஆனா உலக சுகாதார நிறுவனம் நூற்றுக்கு 10, 15க்கு மேல போகக் கூடாது எண்டெல்லோ சொல்லுது? இலங்கையில 2016 கணக்கெடுப்பில நூற்றுக்கு 32 அளவில வந்திட்டுது. அக்கரையில தமிழ்நாட்டில அதைவிடக் கூட.

வார்ட் டொக்டர்:

10, 15 என்பது 1985இல் பிரேசிலின் ஃபோர்ட்டலேசா நகரில் கூடிச் சொன்னது. 2015இல் அதே நிறுவனம் திருத்திச் சொன்னது: ஒரு நாட்டின் மொத்த மக்களில் 10க்கு மேல் போனால் தாய், சேய் மரணம் அதற்கேற்பக் குறைவதாகத் தெரியவில்லை, ஆனால் ஒரு வீதத்தை எட்டுவதற்காகப் பாடுபடாமல் தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் கிடைக்கச் செய்யுங்கள். ஒரு ஆஸ்பத்திரிக்கோ ஒரு தாய்க்கோ போடும் அளவுகோல் அல்ல அது. தமிழ்நாடு பற்றி நீங்கள் சொன்னது சரி. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் அங்கே நூற்றுக்கு 45 அளவு, தனியார் ஆஸ்பத்திரிகளில் 64 அளவு. இந்தியா முழுவதற்கும் 21.5. ஒரே நாட்டுத் தாய்மாரின் உடம்பு இவ்வளவு வேறுபடாது. அங்கே தீர்மானிப்பது உடம்பு மட்டும் இல்லை என்பது விளங்கும்தானே.

வெருகல் பக்கத்து மருமகன்:

நான் ஆம்பிளை, இதில எழுதலாமா தெரியேல்ல. என்ட மனிசிக்கு முதல் பிள்ளை சிசேரியன். கேட்டுச் செய்ததுதான். காசு கட்டித்தான் செய்தம். இப்ப ரெண்டாவது. எங்கட ஊரில இருந்து மூதூர், கிண்ணியா தாண்டித்தான் திருமலைக்கு வரோணும். முந்திப் பாலம் இல்லாத காலத்தில பாதையில (ஆத்தைக் கடக்கிற மிதவையில) ஏறி வந்ததாம், 2009இல கிண்ணியாப் பாலமும் பிறகு மற்றப் பாலங்களும் வந்த பிறகுதான் ரோட்டால நேர வாறம். இந்த முறை நோர்மலுக்குப் பாக்கலாமா எண்டு மனிசி கேக்கிறா. ஒப்பரேஷனுக்குக் கையெழுத்து நான் வைக்கோணுமா எண்டதையும் சொல்லுங்கோ.

தியேட்டர் மிஸ்ஸி:

தம்பி, நல்லாக் கேட்டியள். கையெழுத்து அவவின்டது. அவவின்ட உடம்பு, அவ சுயநினைவோட இருக்கிறா, அவதான் வைக்கோணும். நீங்கள் பக்கத்தில இருக்கலாம்.

முதல் சிசேரியனுக்குப் பிறகு நோர்மலுக்குப் பாக்கலாம். நாலு பேரில மூண்டு பேருக்குச் சரிவரும். ஆனா இருநூறு பேரில ஒராளுக்குப் பழைய தழும்பு குத்துக்குள்ள பிரியலாம். அப்ப நிமிஷக் கணக்கு. தியேட்டரும் இரத்தமும் பக்கத்தில இருக்கிற இடத்தில மட்டும்தான் அதுக்கு இறங்கலாம். குத்து தொடங்கினாப் பிறகு வெருகலில இருந்து வெளிக்கிடுறது ஆபத்து. எதுக்கும் எட்டாம் மாசத்தில இருந்தே டவுனில ஒரு சொந்தக்கார வீட்டில கொண்டுவந்து விடுங்கோ. எத்தினையாம் வாரத்தில வார்ட்டில சேர்றது எண்டதைக் கிளினிக்கில கேட்டு எழுதி வாங்குங்கோ. அதுக்கு முந்திக் குத்தோ, இரத்தமோ, தண்ணிக்குடம் உடையிறதோ எண்டா உடன 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.

முதல் சிசேரியனைக் கேக்கிற ஆக்கள் இதையும் யோசிக்கோணும். டவுனுக்குள்ள உவர்மலையில இருக்கிறவவுக்கும் வெருகலில இருக்கிறவவுக்கும் தழும்பு ஒண்டுதான், ஆனா அந்தத் தழும்போட அடுத்த பிள்ளையைச் சுமக்கிற கஷ்டம் ஒண்டில்ல. ஒரு முறை நஞ்சு தழும்பில வேர்விட்ட கேஸ் ஒண்டு வந்தது. பஸ் ஸ்டாண்டில நிண்ட பெடியள் வரைக்கும் கூட்டிவந்து இரத்தம் எடுத்தம். தாய் பிழைச்சா, கர்ப்பப்பை போட்டுது. அவவுக்கு வயசு இருபத்தாறு.

ஒரு மிட்வைஃப்:

களத்தில வேலை செய்யிற குடும்பநல மாது நான். வீடு வீடாப் போறபடியா எனக்கு ஒண்டு தெரியும். சிசேரியன் வேணும் எண்டு சொல்லுற பிள்ளையளில கனபேர் உண்மையில கேக்கிறது வேற. தனிய விடாதேங்கோ எண்டு கேக்கினம். நோவுக்கு ஏதாவது தாங்கோ எண்டு கேக்கினம். திரைச்சீலையை இழுத்து விடுங்கோ, சத்தம் போடாதேங்கோ எண்டு கேக்கினம். அதெல்லாம் கிடைக்காது எண்டு நினைச்சுத்தான் வெட்டச் சொல்லுகினம். பக்கத்தில ஒராள் கடைசி வரைக்கும் நிண்டா பிரசவம் கெதியா முடியுது, சிசேரியனும் குறையுது எண்டு பெரிய ஆய்வுகள் எல்லாம் சொல்லியிருக்கு. அம்மாவையோ சகோதரியையோ லேபர் ரூமுக்க விடுற வார்ட்டுகள் இப்ப இருக்கு. உங்கட வார்ட்டில விடுவினமா எண்டு முன்கூட்டியே கேளுங்கோ. நோவுக்குப் பெத்தடின் இருக்கா, காஸ் இருக்கா, முதுகில போடுற எபிடூரல் இருக்கா எண்டும் கேளுங்கோ. எபிடூரல் எல்லா இடத்திலயும் இல்ல, அதையும் சொல்லிப்போடுறன்.

அதே நேரம் எல்லாம் குடுத்தாலும் பயம் போகாத பிள்ளையள் இருக்கினம். உடம்பெல்லாம் நடுங்கும், நித்திரை வராது, பிரசவத்தை நினைச்சாலே சத்தி வரும். அது செல்லம் இல்ல. அதுக்கு மருத்துவத்தில பேரே இருக்கு, டோக்கோஃபோபியா. அப்பிடி ஒரு பிள்ளையைக் கட்டாயப்படுத்தி லேபர் ரூமுக்க தள்ளக் கூடாது எண்டுதான் நான் சொல்லுவன். பாலையூற்றுப் பிள்ளை, நீங்கள் எந்தப் பக்கம் எண்டு உங்களுக்குத்தான் தெரியும். உங்கட மிட்வைஃபைக் கூப்பிட்டு அக்காவின்ட கதையை முழுக்கச் சொல்லுங்கோ. கர்ப்பவதிப் புத்தகத்தில அவ எழுதிவிட்டா கிளினிக்கில தட்டிக்கழிக்கிறது கஷ்டம்.

நிலாவெளி அம்மா:

என்ட மகளுக்குப் பிள்ளை குந்தி இருக்குது, தலை மேல. சிசேரியன் எண்டு எழுதியிருக்கினம். இதுவும் கேட்டுச் செய்யிறதில சேருமா?

வார்ட் டொக்டர்:

இல்லை அம்மா, அது மருத்துவக் காரணம். 36, 37 வாரத்தில் வெளியால் கையால் பிள்ளையைத் திருப்பிப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. மகளுக்கு அது பொருந்துமா என்று வீஓஜியிடம் கேளுங்கள்.

பாலையூற்றுப் பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி. பிந்தினதுக்கு மன்னிக்கோணும். நீங்கள் சொன்னபடி மிட்வைஃப் அக்காவைக் கூப்பிட்டுக் கதைச்சன். அவ புத்தகத்தில ரெண்டு வரி எழுதிவிட்டா. இந்த முறை கிளினிக்கில வீஓஜியே இருந்தவர். புத்தகத்தை வாசிச்சுப்போட்டு, "அக்காவுக்கு என்ன நடந்தது?" எண்டு கேட்டார். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு இருந்தார். பிறகு எத்தினை பிள்ளை வேணும், வீடு எங்க, நித்திரை வருதா எண்டு கேட்டார். ரெண்டுக்கு மேல வேண்டாம் எண்டு சொன்னன்.

அவர் ஓம் எண்டும் சொல்லேல்ல, இல்லை எண்டும் சொல்லேல்ல. 36ஆம் வாரத்தில ஒரு ஸ்கேன், பிள்ளையின்ட நிறையையும் தலையின்ட இருப்பையும் பாப்பமாம். அதுக்கிடையில மனநல டொக்டரை ஒருக்கால் சந்திக்கக் கடிதம் தந்தவர். லேபர் ரூமை ஒரு நாள் உள்ளுக்க போய்ப் பாக்கவும் மிஸ்ஸியிட்டச் சொல்லிவிட்டவர். நோர்மலுக்கு இறங்கினா அம்மா பக்கத்தில நிக்கலாமாம், குத்து இழுபட்டா வக்கியூமுக்குக் காத்திராமல் என்னோட கதைச்சு முடிவெடுப்பமாம். எல்லாம் பாத்தும் மனம் மாறாட்டி 39 முடிய லிஸ்டில போடுறன் எண்டவர்.

எனக்கு இப்பவும் சிசேரியன் பக்கம்தான் மனம் நிக்குது. ஆனா இப்ப நித்திரை வருது.

அக்காவையும் கூட்டிக்கொண்டு போகக் கேட்டன். முதல் மாட்டன் எண்டவ. வார்ட் டொக்டர் எழுதினதை ஃபோனில வாசிச்சுக் காட்டின பிறகு, அடுத்த கிளினிக்குக்கு வாறன் எண்டிருக்கிறா.

அன்புவழிபுரம் தங்கை:

கேக்கச் சந்தோஷமா இருக்கு அக்கா. மிட்வைஃப் புத்தகத்தில என்ன எழுதினவ எண்டதை இதில போட ஏலுமா? எங்கட ஒழுங்கையில இன்னொரு பிள்ளை இருக்கிறா, அவவுக்குக் காட்டோணும்.

பாலையூற்றுப் பிள்ளை:

இவ்வளவுதான் தங்கச்சி. "சகோதரியின் பிரசவத்தில் கூட நின்றவர். கடும் கிழிசல், தொடரும் பாதிப்பு. யோனிவழிப் பிரசவத்துக்குக் கடுமையான பயம், நித்திரைக் குறைவு. சிசேரியன் கோருகிறார். வீஓஜி நேரில் கதைக்கவும்." கீழ திகதியும் அவவின்ட கையெழுத்தும். அந்தப் பிள்ளையின்ட மிட்வைஃபிட்ட இதைக் காட்டி, அவவின்ட சொந்தக் காரணத்தை எழுதச் சொல்லுங்கோ.